லீவே போடாத அக்கா

அக்காவுக்கு வீட்டில் விசில் என்று பேர். மழை, புகை, தூசி எது வந்தாலும் நெஞ்சுக்குள் ஊதத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த இடம் ரொட்டிக் கம்பெனி, அதிலும் மாவு சலிக்கிற அறை. வேறு எவன் வேலை கொடுத்தான்? அங்கேயே முன்பக்கம் நான் ரொட்டிக்கு உறை போடுகிறேன்.

டாக்டர் இன்ஹேலர் கொடுத்துத் தினமும் இழுக்கச் சொன்னார். ஆனால் கேக் போடுகிற அண்ணன் ஒருமுறை முதலாளி கண்ணெதிரே இன்ஹேலரை இழுத்துத் தொலைத்தார். வீட்டில் நன்றாக ரெஸ்ட் எடுங்கள் என்று முதலாளி அனுப்பிவைத்தார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. அக்கா பயந்துவிட்டாள். அவளுடைய இன்ஹேலர் அலமாரியில் தூங்கியது. மூச்சு முட்டும்போது மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி, டீயோடு டீயாக விழுங்குவாள். நாலைந்து நாளில் சரியாகும், நிறுத்திவிடுவாள். கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்டதே இல்லை, இவள் தலையைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார். நான் திட்டினால், "தெனமுமா போடுறேன்? எப்பவாச்சும்தானே" என்று என் வாயை அடைப்பாள். அந்த எப்பவாச்சும் பல வருஷமாக மாதம் தவறாமல் வந்தது.

மாத்திரை போட்ட நாட்களில் நல்ல பசி, சுறுசுறுப்பு, இரண்டு ஆள் வேலை. முகம் உப்பியதும், ரொட்டி உடம்பில் நன்றாக ஒட்டுகிறது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். லீவே போடாத ஆள் என்று அவளைக் காட்டி முதலாளி மற்றவர்களை ஏசுவார். அக்காவுக்குத் தலைகால் புரியாது. எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் மாவு மூட்டையைக் குனிந்து தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. விட்டுவிட்டுப் போட்ட மாத்திரையெல்லாம் சேர்ந்து எலும்பை அரித்துவிட்டது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது முதலாளியும் பக்கத்தில்தான் நின்றார். அந்த வேதனையிலும் அக்காவுக்கு ஒரே கவலை, வேலை இருக்குமா என்பதுதான்.

மறுவாரம் முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் இடத்தில் ஒரு பெண்ணைப் போட்டாயிற்று என்றார். அக்கா மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டாள். அவர் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணுக்கும் மூச்சு வாங்குதும்மா. நீ போடுவியே, அந்த மாத்திரை பேரு என்ன?"