ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி

அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. வேடிக்கையாக இருந்ததென்று சிரிக்கவில்லை. அதிர்ச்சியில் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாயடைத்துப் போகும். எனக்குச் சிரிப்பு வந்து தொலைக்கிறது.

சிங்கப்பூருக்கு இந்தக் கரையில், தெப்ராவ் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. என்னை உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதான அந்த அம்மா எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்.

"நீ குடுத்த பெட்டிய நானே செஞ்சிட்டேம்மா. மூணு பேருக்கும் சேர்த்துத்தான். மருமகளுங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு அந்தச் சங்கடம்? பெரியவ நான் இருக்கேன்ல?"

மூன்று பேருக்கும் சேர்த்து. அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு பஞ்சுக் குச்சியும் ஒரு சின்னக் குழாயும்தான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான பரிசோதனை அது. பெண்கள் டாக்டர் முன்னால் படுக்க வேண்டாம், யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குச்சியைப் பிறப்புறுப்புக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். ஒருத்தி எடுத்தால் ஒருத்திக்குத்தான். இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அது எப்படிம்மா மூணு பேருக்கும் சேரும்?" என்று கேட்டேன்.

"கோவிட் நேரத்துல ஒருத்தருக்குக் குச்சி விட்டுப் பார்த்தா வீட்டுக்கே பார்த்த மாதிரிதானே? ஒருத்தருக்கு வந்தா வீட்டையே பூட்டுனாங்கல்ல? ஒரே வீடு, ஒரே பாத்ரூம். இருந்தா எனக்கும் இருக்கும்னு பார்த்தேன். ஒண்ணும் இல்லன்னு மெசேஜ் வந்துச்சு. நல்லதாப் போச்சு."

மூத்த மருமகள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் என் சிரிப்பு நின்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் அவள் என்னிடம் கேட்டதும் நான் அவளுக்குச் சொன்ன பதிலும் ஞாபகத்துக்கு வந்தன. மைலோவைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் செனாயில் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். கடைசி ஏழு வருடம் லைன் லீடர். வரிசை கலைந்தால் எனக்குக் கோபம் வரும், கணக்கு இடித்தால் தூக்கம் வராது. ஃபேக்டரியை விட்ட பிறகு, ஓய்வுபெற்ற மிஸ்ஸி ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவரும் நானும் இன்னும் மூன்று பெண்களும் அடுக்குமாடிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் போய், பெண்களிடம் உடம்பைப் பற்றிப் பேசுவோம். மாதவிடாய், கர்ப்பம், உடலுறவில் பரவும் நோய், எல்லாவற்றையும் பேசுவோம். கிளினிக்குக்குப் போக வெட்கப்படுகிறவர்கள், லீவு கிடைக்காதவர்கள், மலாயில் கேட்கத் தெரியாதவர்கள் எங்கள் ஆட்கள்.

பொங்கல் முடிந்த வாரம், அந்த அடுக்குமாடிக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கோயில் தலைவர் நல்ல மனிதர். மண்டபத்தைச் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"மைக்குல மட்டும் அந்த வார்த்தையெல்லாம் வேணாம்மா. சாமி சன்னதி பக்கத்துல இருக்கு."

நான் மைக்கை அணைத்துவிட்டு, அதைவிடச் சத்தமாக எல்லா வார்த்தையையும் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை. பெண்கள் முந்தானையாலும் துப்பட்டாவாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வைரஸ் எப்படி வருகிறது, ஆண்கள் எப்படி அதைத் தெரியாமலே கொடுக்கிறார்கள், உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் ஏன் சும்மா இருக்கக்கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பிறகு பெட்டிகளைக் கொடுக்கும் நேரம் வந்தது.

கிளினிக்கிலிருந்து எங்களுக்கு அறுபது பெட்டி கொடுத்திருந்தார்கள். யாருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் முண்டியடிக்குமே என்று நான்தான் பயந்தேன். தலைவர், தீபாவளிக்கு அரிசி மூட்டையும் எண்ணெயும் கொடுக்க வைத்திருந்த பட்டியலை நீட்டினார். கதவு எண், வீட்டுத் தலைவர் பெயர், கையெழுத்துப் போட ஒரு கட்டம். சரியாக அறுபது வீடு. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அறுபது வீடு, அறுபது பெட்டி.

அந்த அடுக்குமாடியில் எல்லாம் அப்படித்தான் வரும். அரிசி வீட்டுக்கு ஒன்று, அன்னதான டோக்கன் வீட்டுக்கு இத்தனை. அர்ச்சனைக்குக்கூட ஒருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, 'குடும்பத்தார்' என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லோருக்கும் ஆயிற்று. நானும் அதே ஊர்க்காரிதான். மைக்கைப் போட்டேன்.

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. தள்ளாதீங்க. கதவு நம்பர் சொல்லுங்க."

முக்கால் மணி நேரப் பேச்சில், பெட்டி யாருக்கு என்பதைப் பற்றி நான் சொன்னது இவ்வளவுதான். பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யாரும் தள்ளவில்லை, வரிசை அழகாகப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், அந்த அடுக்குமாடியின் கீழே மூத்த மருமகளைப் பார்த்தேன். முப்பத்தேழு வயது. செனாயில், நான் பார்த்த மாதிரி ஒரு ஃபேக்டரியில்தான் வேலை. மத்தியான ஷிப்ட் வேனுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என்பதால் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அவரோட இருந்துட்டு எழுந்தா ரத்தம் படுது. மாசாமாசம் வர்றது இல்ல, அது வேற."

"எவ்வளவு நாளா?"

"தைப்பூசத்துக்கு அப்புறம்தான்."

"டெஸ்ட் செஞ்சாச்சா? மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சேக்கா." கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். பெயர் எதுவும் இல்லை. ஒரு பதிவு எண், அதன் கீழே வைரஸ் காணப்படவில்லை என்று மலாயில் ஒரு வரி.

மாமியாருக்கு வாட்ஸ்அப் கிடையாது, அதனால் பெட்டியோடு வந்த படிவத்தில் மருமகளின் போன் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சரி, அது தெரியாது. ஆனால் நான் அடுத்துச் சொன்னதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

"அப்ப பயப்படாத. வைரஸ் இல்லன்னு வந்துடுச்சுல்ல. உடம்புச் சூடா இருக்கும். நின்னுக்கிட்டே வேல பாக்குற. இளநீ குடி."

உடம்புச் சூடு. முக்கால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசியவள், மூட நம்பிக்கையை ஒழிக்கிறேன் என்று ஊர் ஊராகப் போகிறவள் சொன்ன பதில் அது. அவள் முகம் தெளிந்துவிட்டது. "தேங்க்ஸ்க்கா," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அதிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான், யார் யாருக்கு முடிவு வந்தது என்று எழுதி வாங்க நான் வீடு வீடாகப் போனது. அந்த நான்காவது மாடி வீட்டுக்குப் போனதும் அதற்காகத்தான்.

கீழே காரில் மிஸ்ஸி காத்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. நான் ஓடி இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மாமியார் செய்ததைச் சொன்னேன். இளநீர் குடிக்கச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது.

"அந்த மெசேஜ் அவளோடதாவே இருந்திருந்தாலும் நீ அனுப்பியிருக்கணும். ரத்தம்னு சொன்னாளா இல்லையா? ரத்தம்னா கிளினிக்கு. டெஸ்ட்டுல என்ன வந்தா என்ன? இத நீயே மண்டபத்துல சொன்ன, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். போ, அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா."

மறுபடி நான்கு மாடி ஏறினேன். மாமியாரிடம் நான் எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. உங்கள் உடம்பு உங்கள் உடம்புதான், அவள் உடம்புக்கு அது பதில் சொல்லாது என்று ஏதோ சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. பேரங்காடியில் துப்புரவு வேலை செய்து இரண்டு பையன்களை வளர்த்தவர். மருமகள்களிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசமாட்டார் என்று அந்த மாடியே சொல்லும். அவர்கள் கூச்சப்படக்கூடாது என்று, புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடமான பெண், கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குச்சியை எடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. கோபப்பட ஆள் வேறு இருந்தது.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்ப அது என்னோடது இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அத்தைக்கு இல்லன்னா எனக்கும் இல்லன்னுதான் நெனச்சேன்."

அன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு சொன்ன டாக்டர் இளவயதுப் பெண். மலாயில் மெதுவாகச் சொன்னார். புற்றுநோய்தான், கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிட்டது, இந்த நிலையில் ஆபரேஷன் சரிவராது, கதிர் வைத்தியமும் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அவள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்து மிஸ்ஸியிடம், ஜனவரியிலேயே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். அந்தத் தேடல் எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

அந்த வாரமே பெட்டி வாங்கிய எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். "யாரு செஞ்சீங்க? நீங்களா, அவங்களா?" என்று ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேட்டேன். ஒரு வீட்டில் அம்மா, இரண்டு பெரிய மகள்களுக்கும் சேர்த்துச் செய்திருந்தார். இன்னொரு வீட்டில் கடைசி நாத்தனார். அவள்தான் படித்தவளாம். ஒரு வீட்டில் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. சாமி மேடைக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார்கள். யார் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லையாம். அலமாக், ஐயோ என்று என்னை அறியாமல் வாய்விட்டேன். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. தினமும் கடல் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதில் இருந்தார்கள். நான் கொடுத்ததை நான் சொன்னபடியே வாங்கியிருக்கிறார்கள்.

புதுப் பெட்டிகள் வாங்கி, இந்தத் தடவை ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். இளைய மருமகளுக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. அவளோடதுதானே என்று நான் இரண்டு தடவை கேட்டேன்.

கதிர் வைத்தியத்துக்கு மூத்தவளை வாரத்தில் மூன்று நாள் நான்தான் காரில் அழைத்துப்போனேன். மற்ற நாள் அவள் கணவன். எடை குறைந்து, கன்ன எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. "விடுங்கக்கா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அத்தை இப்போதெல்லாம் சாப்பிடுவதே இல்லை, அவரிடம் கொஞ்சம் பேசுங்கள் என்பாள்.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். நெடுஞ்சாலையில் நெரிசல். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு மண்டபத்துல பெட்டி பத்தலயா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மிஸ்ஸியிடமும் சொல்லவில்லை. பத்தவில்லை என்று சொல்லிவிட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"பத்துச்சும்மா. கொஞ்சம் வீட்டுக்காரங்க வரவே இல்ல. மிச்சம் இருந்துச்சு."

"எத்தன?"

"பதினொண்ணு. கார் பின்னாடி வச்சு, மறுநாள் கிளினிக்குல திருப்பிக் குடுத்துட்டேன்."

முன்னால் லாரி நகர்ந்தது. நானும் நகர்த்தினேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எங்க வீட்டுக்கு இன்னும் ரெண்டு கெடச்சிருந்தாப் போதும்க்கா," என்றாள்.