ஆள் வந்தால் இறங்கும் கால்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் செல்வி நாயைக் கூட்டிக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் நின்று அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்கள். மற்ற நாட்களில் அதே நாயோடு அதே பாதையில் நான் போவேன். அப்போது அவர்கள் அடுத்த ஓரத்துக்கு ஒதுங்கி விறுவிறுவென்று கடந்துவிடுவார்கள். என் சேலையும் அதற்கு மேலே போட்ட ஸ்வெட்டரும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. யாரிடமும் கேட்டதில்லை. எனக்குத் தமிழில் பேசவே கூச்சம்.

சாம் கறுப்பு நாய், கன்றுக்குட்டி அளவு இருப்பான். செல்வி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் செத்துப்போனார். அவருடைய நாயை வைத்துக்கொள்ள ஆளில்லை என்று இவள் கூட்டிவந்துவிட்டாள். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. டொக்டர் நடக்கச் சொன்னார். இவ்வளவு பெரிய நாய்க்கும் நடை வேண்டும். அதனால் காலையில் இருவரும் கிளம்புவோம். வாய்க்கால் கரை ஒன்று இருக்கிறது. அங்கே வாத்துகளைக் கண்டு சாம் இழுத்தால் என் தோள் கழன்றுவிடும். ஊருக்குப் பின்னால் ஒரு மேடு. ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் பனிமூட்டத்தில் சரிவில் குனிந்து மேயும் செம்மறிகள், நிரை பிடித்துத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் போலவே இருக்கும். கொஞ்ச நேரம் யார் யாரென்று அடையாளம் தேடிக்கொண்டு நிற்பேன். எனக்கு மிகவும் பிடித்தது தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதை. சமதரை, இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் பள்ளம். மூட்டத்துக்குள் நடக்கும்போது, இலங்கையில் பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து றோட்டில் நடக்கிறேனா, இங்கே நடக்கிறேனா என்று தெரியாது. இது விலகினால் நமுனுகுல மலை தெரியும் என்றே கால் போய்க்கொண்டிருக்கும். விலகினால் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் முதுகு தெரியும்.

போன மாதம் ஒருநாள் செல்வி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, சாம் யாரையாச்சும் கடிச்சிட்டானா?"

"அய்யோ, இல்லையே புள்ள. அவனுக்குக் குரைக்கவே சோம்பல்."

"அப்ப ஆளைக் கண்டா ஏன் அவனை இழுத்துக்கிட்டுப் பள்ளத்துல இறங்குறீங்க? இந்த ஊருல பொல்லாத நாய் வச்சிருக்கிறவங்கதான் அப்படி ஒதுங்குவாங்க. வாடகை வீட்டுக்காரர்கிட்ட யாரோ சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை பேச்சு வந்தா நாயை அனுப்பிரணுமாம்."

நான் இறங்குகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

தோட்டத்தில் அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. தோட்டத்தை நடத்தும் துரை றோட்டில் வந்தால் ஓரத்துக் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கி, அவர் போகும்வரை நிற்போம். மழைத்தண்ணீர் கணுக்காலில் ஓடும். துரையின் நாயும் பெரிய நாய்தான். பின்னேரத்தில் அதை நடத்திக்கொண்டு வருகிறவர் எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்த முத்தையா மாமா. துரை கூட இருக்கமாட்டார். ஆனாலும் நாயைக் கண்டதும் கூடையோடு அத்தனை பெண்களும் இறங்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் நாங்களும் இறங்குவோம். மாமா றோட்டின் நடுவில் நின்று கத்துவார்.

"ஏய், நான்தான் வர்றேன்! ஏறி வாங்க புள்ளைகளா!"

"ஒங்களுக்கு யாரு இறங்கினா அண்ணே? கூட வர்ற பெரியவருக்குத்தான்" என்பார் அம்மா. கானுக்குள் நின்றபடி எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர ஒருவரும் ஏறமாட்டார்கள்.

இப்போது பெரிய நாயின் கயிறு என் கையில். அப்படியும் இறங்குகிறவள் நானாகவே இருக்கிறேன்.

இதைச் சொன்னபோது செல்வி சிரிக்கவில்லை. ஹோலின் நடுவே என்னை நடக்கவிட்டு, எதிரே தானே வெள்ளைக்காரி மாதிரிக் கைவீசி வந்தாள்.

"நேரா வாங்க. நிலத்தைப் பார்க்காதீங்க. 'மோர்னிங்' சொல்லுங்க... அம்மா! சோபாவுல போய் ஒட்டிக்கிட்டா எப்படி?"

சாம் படுத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வீடு அவனுக்கு ஏற்கெனவே போய்விட்டது. இந்த வீடும் என் காலால் போகப்போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரயில் பாதையில் மூட்டம் கனத்துக் கிடந்தது. முதலில் ஒரு கைத்தடி தெரிந்தது, பிறகு தொப்பி, பிறகு ஆள். தினமும் ஒதுங்கிப் போகிற நெட்டைக் கிழவர். வீட்டுக்காரரிடம் சொன்னது இவராகவும் இருக்கலாம். நிமிர்ந்துதான் போனேன். பத்தடி இருக்கும்போது என் இடது கால் என்னைக் கேட்காமல் இறங்கிவிட்டது. மற்றக் காலும் பின்னால் போனது. கயிற்றை இழுத்தேன். சாம் வரவில்லை. பாதையின் நடுவில் உட்கார்ந்து, வாலால் தரையைத் தட்டினான்.

கிழவர் நின்றார். நாயைப் பார்த்தார். கயிறு போன வழியே பார்த்து, பள்ளத்தில் நின்ற என்னைக் கண்டார். நீளமாக ஏதோ கேட்டார். கடிப்பதற்குச் சொல்லும் 'பைட்' என்ற ஒரு சொல்தான் விளங்கியது.

"நோ, சேர். டோக் குட். மீ..."

மீதிக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. கானையும் துரையையும் இவருக்கு எந்தச் சொல்லில் சொல்வது?

அவர் மெதுவாகக் கையை நீட்டினார். சாம் தன் பெரிய தலையை அதற்குள் வைத்துவிட்டான். "லவ்லி பாய்" என்றார் கிழவர். அது செல்வி வீட்டில் சொல்வதுதான்; எனக்குத் தெரியும். இனி இவர் வாயிலிருந்து சாமைப் பற்றிக் கெட்ட பேச்சு வராது என்றும் தெரிந்தது.

பிறகு அதே கையை என் பக்கம் நீட்டினார். அப்படி ஒரு கையை நான் பிடித்ததே இல்லை. பிடித்தேன். அவர் இழுக்க உடம்பு ஏறிவிட்டது, ஒரு சப்பாத்து மட்டும் சேற்றிலேயே நின்றுவிட்டது. ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் ஈரக் காலுறையுமாகப் பாதையில் நின்று, "மோர்னிங்" என்றேன். கீழே என் மற்றச் சப்பாத்து, மூட்டத்துக்குள், இன்னும் யாருக்கோ வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது.