நாமம் போட்ட சுங்கான்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. மங்கை வெள்ளைக்காரர்கள் பைப் என்று சொல்லும் புகைச் சுங்கான் ஒன்றின் வாய்க்குழாயைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தாள். கந்தக வாடை அடித்தால் அது கெட்டி ரப்பர்; அடிக்காவிட்டால் பின்னால் வந்த பிளாஸ்டிக். எந்தச் சுங்கான் கைக்கு வந்தாலும் அவளுக்கு முதலில் மூக்கு, அப்புறந்தான் கண். போனில் பேசியது சிங்கவரத்துச் செல்லம்மாள். ராத்திரி படுத்த தன் கணவர் தனசேகரன் எழுந்திருக்கவில்லை என்றாள். மங்கையின் கையில் இருந்தது அவர் கொடுத்துவிட்டுப் போன சுங்கான்.

செஞ்சிக் கடைத்தெருவில் பழைய சாமான் வியாபாரம் மங்கைக்கு. நகைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கி ஒன்று கறுப்புக் கயிற்றில் கழுத்தோடு கிடக்கும். குளிக்கும்போதுதான் கழற்றுவாள். சாமான்களோடு பேசுவாள். "நீ எந்த ஊரு, சொல்லு" என்று அதட்டிவிட்டுத்தான் ஒரு செம்பையே புரட்டுவாள். கோட்டை பார்க்க வந்தவர் ஒருமுறை தேசிங்கு ராஜா காலத்து வாள் என்று ஒன்றை நீட்டினார். பிடியைத் திருப்பி அதிலிருந்த இந்தக் காலத்து வடநாட்டுப் பித்தளைப் பட்டறை முத்திரையைக் காட்டி, "ராஜா மொராதாபாத்துக்கு பஸ் ஏறிப் போயா வாங்கியாந்தாரு?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார், அவள் சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவரும் மூட்டைகளில் சுங்கான்களும் வரும். மரத்தில் அடித்திருக்கும் எண்ணை ஆண்டு என்று பலர் நம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது அந்த வடிவத்துக்குக் கம்பெனி வைத்த எண். ஆண்டைச் சொல்வது கழுத்திலுள்ள வெள்ளிப் பூண். இங்கிலாந்து வெள்ளியென்றால் பூணில் வரிசையாகச் சின்ன முத்திரைகள் இருக்கும். சிங்கம் இருந்தால் நல்ல வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் சோதித்தது. கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்தாகப் போய், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். எந்தச் சுற்று என்பதை எழுத்தின் சாயலும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சொல்லிவிடும்.

தனசேகரனின் சுங்கானில் மூன்றும் இருந்தன. ஆனால் அது இருந்த இடம் பூஜை அறை. இருபது வயதில் புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வாசலிலேயே அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். வேறு வழி தெரியாமல் பூணைக் காட்டி, இது தாத்தாவுடையது, பாரு, நாமம் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நங்கூரம் நாமமாகவே தெரிந்தது. பக்கத்திலிருந்த சிங்கம் நரசிம்மராகத் தெரிந்தது. வாங்கிப் பெருமாள் படத்தடியில் வைத்துச் சந்தனம் பூசினாள். அன்றோடு சரி. ஒருநாளும் அதில் புகையிலை அடைக்க அவருக்கு வாய்க்கவில்லை.

போன வாரம், புரட்டாசிச் சனிக்குப் பாலிஷ் போட வேண்டும் என்ற சாக்கில் எடுத்துவந்து மங்கையிடம் இந்தக் கதையைச் சொன்னார். வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். "இது எனக்கு அண்ணனா, தம்பியா? அதை மட்டும் பாத்துச் சொல்லு மங்கை" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் ஐம்பத்தெட்டில் பிறந்தவர்.

மங்கை சிங்கவரம் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். நான் போனால் அந்தச் சுங்கானை என்னோடு அனுப்பிவிடு என்று கணவர் பலமுறை சொல்லியிருப்பதாகச் செல்லம்மாள் அழுதாள். தனசேகரனின் அண்ணன் வீரமணி ஒப்பவில்லை. தாத்தா சொத்து, நாமம் போட்ட பொருள், சுடுகாட்டுக்கு எப்படிப் போகும் என்று உடலைக் கிடத்தியிருந்த கட்டிலுக்குக் குறுக்கே நின்றார். மங்கை பையிலிருந்து சுங்கானை எடுத்து உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள்.

"ஏம்மா, சாவு ஊட்ல இன்னா கண்ணாடி வச்சிப் பாக்குற?" என்றார் வீரமணி.

"நீங்களே பாருங்கண்ணா. நாமத்துக்கு மேல வளையம் இருக்குமா? ரெண்டு பக்கமும் கொக்கி இருக்குமா? இது நங்கூரம். வெள்ளைக்காரன் ஊர் முத்திரை."

கயிற்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். வீரமணி வெகுநேரம் பார்த்தார். அப்படியே இருந்தாலும் தாத்தாவுடையதுதானே என்றார். தாத்தா எப்போது இறந்தார் என்று மங்கை கேட்டாள். வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே என்றார். அவள் கட்டத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள். இந்த வடிவம் ஐம்பதில் தொடங்கி எழுபத்து நான்கில் முடிந்த சுற்று. தாத்தா கைக்கு இது வந்திருக்கவே முடியாது. இதைச் சொல்லும்போது அவள் குரல் கடையில் பேசுகிற அதே குரலாகத்தான் இருந்தது. சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீரமணி தம்பியின் முகத்தைப் பார்த்தார். உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று முதலில் யாருக்கும் புரியவில்லை.

"திருட்டுப் பையன். பெத்தவளுக்கே நாமம் போட்டிருக்கான். இத்தினி வருசமா நான் இதுக்குக் கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார். "வையிம்மா. அவன் கையிலயே வையி."

மங்கை விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திச் சுங்கானைப் பிடிக்க வைத்தாள். பிறகு, வாய்க்குழாய் அவர் வாயைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பினாள்.

வெளியே பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பூணில் நங்கூரத்தையும் சிங்கத்தையும் கட்டத்தின் விளிம்பையும்தான் அவள் அதுவரை துலக்கியிருந்தாள். உள்ளே, அண்ணனா தம்பியா என்று சொல்ல வேண்டிய எழுத்தின் மேல் சந்தனம் இறுகிக் கிடந்தது.