சிங்கி இறாலுக்குள் என் தங்கை

என் தங்கை நடீனுக்கு இன்று கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் சொந்தமாக ஒரு பார் இருக்கிறது. போகும்போதெல்லாம் அவள் கடைக் கண்ணாடிக் குவளைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரல்தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை அகப்பட்டதில்லை. ஆனால் அவள் அந்தத் தீவுக்கு வேலை தேடிப் போன முதல் கோடையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊர்க்காரர்கள். பீங்கான்தான் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சூளையில் வேலை, அம்மாவுக்குக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை. நான் விளிம்பில் தங்கக்கோடு இழுப்பவள். கோடு மயிரிழை விலகினாலும் கோப்பை இரண்டாந்தரம் ஆகிவிடும். நடீனுக்குப் பட்டறைத் தூசியே ஆகாது. வேலை தேடிப் போவதற்கு முந்தின கோடையில் தோழிகளோடு கிரீட்டுக்குச் சுற்றுலா போனவளிடம் ஸ்ட்ராடோஸ் என்ற பார் முதலாளி, "அடுத்த வருஷம் வா, பார்ல உனக்கு வேலை இருக்கு" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைக் குளிர்காலம் முழுக்கப் பொத்தி வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முன் தொழிலாளர் கிளப்பில் விருந்து வைத்தோம். பட்டறையின் பேக்கிங் பிரிவுப் பெண்கள் சேர்ந்து, மதுப் புட்டி திறக்க அவளுக்கு ஒரு கார்க் திருகி வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த மேவிஸ் ஆன்ட்டி, "நாங்க அங்க வந்தா ஓசியில ஊத்தணும்டி, சொல்லிட்டேன்" என்றாள்.

"மூக்கு முட்ட ஊத்துறேன் ஆன்ட்டி. உங்களைத் தூக்கிட்டுப் போக மட்டும் ஆள் கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள் நடீன்.

மே மாதம் அவள் பையோடு போய் நின்றபோது, அந்தக் கடை வாசலில் ஏற்கெனவே மூன்று பெண்கள் பையோடு நின்றிருந்தார்கள். இருவர் லீட்ஸிலிருந்து, ஒருத்தி கார்டிஃபிலிருந்து. மூவருக்கும் அதே வாக்குறுதி. ஸ்ட்ராடோஸுக்கு ஒரு முகமும் நினைவில்லை. விடுமுறைக்கு வந்து திரும்புகிற பெண்களுக்கெல்லாம் கடைசி நாள் பில்லோடு சேர்த்துக் கொடுக்கிற வார்த்தை அது. நடீன் கடற்கரைத் தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஏப்ரலிலேயே வந்தவர்கள் எல்லா இடத்தையும் பிடித்துவிட்டிருந்தார்கள். தோற்றுப்போய் ஊர் திரும்பினால் மேவிஸ் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியில் ஸ்ட்ராடோஸிடமே திரும்பிப் போய்க் கேட்டாள். ஒரு வேலை மிச்சம் இருந்தது. தலை முதல் கால்வரை மூடிய சிங்கி இறால் வேஷம். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று, போகிறவர்களுக்கு இலவச மதுச் சீட்டு நீட்டி உள்ளே அழைத்து வரவேண்டும்.

வீட்டுக்குப் போன் செய்தவள், "பார்ல வேலை கிடைச்சிருச்சும்மா" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை அம்மாவே சேர்த்துக்கொண்டாள். செய்தி பேக்கிங் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடீன் அந்தக் கடைக்கே மேனேஜர் ஆகிவிட்டாள்.

ஜூன் கடைசியில் எங்கள் ஊர்ப் பட்டறைகள் எல்லாம் ஒன்றாக மூடும். ஊருக்கே ஒரே நேரத்தில் இரண்டு வார விடுமுறை. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அடுத்த துண்டில் பக்கத்து வீட்டுக்காரர்தான் படுத்திருப்பார். இது நடீனுக்குத் தெரியாததல்ல. ஊர்க்காரர்கள் வந்தாலும் வேஷத்துக்குள் முகம் தெரியாது என்று துணிந்திருந்தாள். நாங்களோ வருஷா வருஷம் வேல்ஸ் கடற்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கேரவன் வண்டி வீட்டுக்குத்தான் போவோம். அந்த வருஷம் அப்பா அவளுக்குச் சொல்லாமல் கிரீட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மேவிஸும் அதே விமானத்தில் வந்தாள்.

முதல் நாள் சாயங்காலமே ஸ்ட்ராடோஸ் கடையைத் தேடிப் போனோம். வாசலில் நின்ற இறால் எங்களைப் பார்த்ததும் அசையாமல் நின்றது. பிறகு கொடுக்கை நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல் எங்களை மேஜைவரை அழைத்துப் போனது. அப்பா கொடுக்கைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்.

மேவிஸ் மேஜையில் இருந்த காலித் தட்டைக் கவிழ்த்து அடியில் இருந்த பட்டறை முத்திரையைப் பார்த்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் செய்வது அதைத்தான். "நம்ம சரக்கு இல்ல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இறாலைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ பாவம், இந்த வேக்காட்டுல! எந்தத் தாய் பெத்த பிள்ளையோ. என் பிள்ளைன்னா காதைப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

பக்கத்து மேஜையைத் துடைத்த பையன் ஒரு காலித் தட்டை இறாலிடம் கொடுத்தான். இறால் அதை இரண்டு கொடுக்காலும் தடுமாறிப் பிடித்தது. பிடித்ததும், தன்னை அறியாமல் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது.

அம்மாவின் கை குவளையிலேயே நின்றுவிட்டது. அவள் இறாலைப் பார்த்தாள். வாய் ஓட்டை வழியாக இறாலும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன சொல்ற நீ? விடுவியா உன் பிள்ளையை இப்படி?" என்றாள் மேவிஸ்.

அம்மா, "விடமாட்டேன்" என்றாள். குவளைக்குள் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

இறால் தட்டை வைத்துவிட்டுத் தலையைக் கழற்றியது. முடி நெற்றியில் ஒட்டி, முகம் வெந்து சிவந்து, என் தங்கை நின்றாள்.

"இந்தத் தாய் பெத்த பிள்ளைதான், ஆன்ட்டி. ஓசியில ஊத்த எனக்கு அதிகாரம் இல்ல. சீட்டு இருக்கு, ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் கிடைக்கும்."

அப்பா செருப்பைப் பார்த்தபடி, "உள்ள ரொம்ப வேகுதா கண்ணு?" என்று கேட்டார்.

"வேகுதுப்பா."

"நீதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா, மெதுவாக.

"தெரியும்மா. அதனாலதான் கழட்டினேன்."

யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நடீன் தலையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனாள். நாங்கள் சீட்டுக்குக் கிடைத்த இனிப்பு மதுவை மருந்துபோலக் குடித்துவிட்டு எழுந்தோம்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவைக் காணோம் என்று தேடிப் போனேன். இறாலின் பக்கத்தில், சீட்டுக்கட்டில் பாதியை வாங்கிக்கொண்டு, நல்ல உடுப்போடு நின்றிருந்தாள். எங்கள் ஊர்ப் பட்டறை ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிலர் சிரித்தார்கள். அம்மாவின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஒவ்வொருவரிடமும் சீட்டை நீட்டி, "உள்ள இருக்கிறது எங்க நடீன்" என்றாள். கண்ணை நிமிர்த்திச் சொல்ல அவளால் ஒருமுறைகூட முடியவில்லை. ஆனால் ஒருவரையும் விடாமல் எல்லாரிடமும் சொன்னாள்.