பலகைக்குப் பின்னால் ஒளி

கரும்பலகை துடைக்கிற வேலை என்றால் சுண்ணாம்புத்தூளைத் தின்று பிழைப்பது. கைப்பிள்ளையோடு இந்த வேலை பார்த்த அக்கா தங்கச்சிமாருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆயாக்கொட்டகை இல்லாத ஊர்

சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவோம். ஈப்போவுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. பிள்ளையை விடத்தான் இடமில்லை. பிள்ளையோடு வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று பெரிய வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் எதிரே நின்று பேசுகிற ஆளா? தலையை ஆட்டிவிட்டு வந்து, மண்டபத்துப் பெரிய பலகைக்குப் பின்னால், அதன் கால்களிலேயே தூளியைக் கட்டினேன்.

பியூன் மாரிமுத்து அண்ணன் பார்த்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, என் மகள் அழுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "வாயே இல்லாத உனக்கு இம்மாம் பெரிய வாயோட ஒரு பிள்ளையா? எத்தனை நாளைக்கு மறைப்பே?"

கோடா, புள்ளியா

அந்தப் பலகையில் எழுதுகிறவர் பௌதிக வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் நம் ஜனங்களுக்குத் தமிழில் புது விஞ்ஞானம் பேசுவார். ஒரு வாரம், வெளிச்சம் போகிற விதம் என்று ஒரு பக்கம் அலை அலையாகக் கோடும் மறுபக்கம் வெறும் புள்ளிகளும் போட்டிருந்தார்.

சரியானதை விட்டுவை, தப்பானதை அழி என்பது எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இதில் எது தப்பு என்று மெல்லக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டையும் விட்டுடும்மா. எது தப்புன்னு சீமையில இருக்கிறவங்களுக்கே இன்னும் தெரியல."

ஒளி

இன்னொரு சனிக்கிழமை பெரிய வாத்தியாரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பலகை ஓரத்தில் துணியோடு நின்ற நான் தூளியை மறைத்தாற்போல நகர்ந்துகொண்டேன்.

கிரகணத்தன்று சூரியன் பக்கத்து நட்சத்திரங்களைப் படம் பிடிக்கத்தான் வெள்ளைக்காரர்கள் சுமத்திராவரை போனார்கள் என்றார் பௌதிக வாத்தியார். நட்சத்திரத்தின் வெளிச்சம் சூரியனை ஒட்டி வரும்போது வளைந்துவிடுமாம். அதனால் சூரிய விளிம்புக்குச் சற்றே பின்னால் இருக்கிற நட்சத்திரம்கூட நம் கண்ணில் படலாமாம். சொல்லிவிட்டு, ஒளி என்று பெரிதாக எழுதப் போனார். பலகை ஆடியது. எழுத்து கோணிக்கொண்டு போனது. பின்னாலிருந்து வீறிட்டு ஓர் அழுகை.

பெரிய வாத்தியார் எழுந்து, அங்கே என்ன என்று கேட்டார். மாரிமுத்து அண்ணன் கூரையைப் பார்த்தார். வேலை போனதுதான் என்று தெரிந்ததும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என் பிள்ளைங்கய்யா, ஒளிச்சு வச்சிருந்தேன்" என்றேன்.

ஒளி என்ற எழுத்துக்குக் கீழேயே நின்று சொன்னேன் போலிருக்கிறது, மண்டபமே சிரித்தது. பௌதிக வாத்தியார் எழுத்தைத் தொட்டுக் காட்டி, பின்னால் ஒளிந்திருந்தாலும் முன்னால் தெரியும் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன் என்றார். பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். என் மகள் அவர் கண்ணாடியை எட்டிப் பிடித்தாள். அதை மெல்ல விடுவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தூளியை இனிமே பலகையில கட்டாதே, எழுத்து கோணுது. சன்னல் கம்பியில கட்டு."

வெளிச்சம் கோடா புள்ளியா என்பது இன்னும் முடிவாகவில்லையாம். என் மகளுக்கு எந்தச் சன்னல் என்பது முடிவாகிவிட்டது.