எங்கள் வீட்டுக் குடவோலை

எங்கள் சித்தப்பாவுக்கு உலகத்தில் எந்த ராஜ்ஜியத்தை யார் எப்படி ஆண்டார்கள் என்பது அத்துப்படி. அடுப்பில் பால் பொங்குவது மட்டும் தெரியாது. குரூப் டூ பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த முறை முதல்நிலைத் தேர்வில் தேறியும் விட்டார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஏதென்ஸ், ரோம், சீனா, சோழநாடு என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். யார் ஆண்டார்கள், யார் தேர்ந்தெடுத்தார்கள், யாருக்கு உரிமை இல்லை என்று கீழே பொடி எழுத்தில் நிரப்பியிருப்பார்.

பத்து வயதில் எனக்கு அதுதான் கதைப் புத்தகம். ஏதென்ஸில் ஊரே கூடி முடிவெடுக்கும் என்பார். ரோமில் இரண்டு தலைவர்கள், ஒருவர் செய்வதை இன்னொருவர் தடுக்கலாம் என்பார். "நம்ம வூட்ல உங்கப்பாவும் பெரியப்பாவும் மாதிரி. அதனாலதான் கடை ஷீட்டு இன்னும் ஒழுவுது." அவருக்குப் பிடித்தது சீனாதான். "அவன்தான் பரீட்ச வெச்சு அதிகாரிய எடுத்தான். யாரு புள்ளையா இருந்தா இன்னா, படிச்சா போதும்."

கடை என்றால் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் டீக்கடை. பெரியப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி, இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கண்டக்டர் வேலை. கடைக்கு யார் என்ற பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் சித்தப்பா மேல் போனது. அடுத்த கட்டமான மெயின் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. காலையிலிருந்து இரவு வரை கடையில் நின்றால் படிப்பு அவ்வளவுதான். ஆனால் தன்னை வளர்த்த அண்ணன் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அப்பாவின் தங்கையான என் அத்தை அதே கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள். அந்தக் கடை மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அவளைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா, அத்தையும் தானும் போட்டியிட ஒரு தேர்தல் வைக்கலாம் என்றார். சோழர் காலத்தில் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். பெரியப்பா ஒப்பவில்லை.

"இது இன்னா மாசச் சீட்டாடா, குலுக்கிப் போட? எண்ணிப் பாருங்க. யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்குக் கட."

சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஏதென்ஸிலும் ரோமிலும் சோழநாட்டிலும் பெண்களைச் சேர்க்கவில்லை. அந்தத் தப்பு நம் வீட்டில் நடக்கக் கூடாது. ஆகவே பெரியம்மா, அம்மா, அத்தை, நான் உட்பட ஏழு ஓட்டு. அவர் போட்ட கணக்கு எனக்கு இப்போது புரிகிறது: அவர், அத்தை, அம்மா, நான். அத்தை ஜெயிக்க நாலு பேர் போதும். யாருக்குப் போடுவாய் என்று என்னை அவர் கேட்கவே இல்லை. ரகசிய ஓட்டு ஆயிற்றே!

எவர்சில்வர் குடம் நடுக்கூடத்துக்கு வந்தது. எனக்கு உலகத்திலேயே சித்தப்பாவைத்தான் பிடிக்கும். ஜெயித்தவர்கள் மாலையோடு போஸ்டரில் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா தோற்கலாமா? சிவப்புப் பென்சிலால் 'சித்தப்பா' என்று எழுதி, மேலே ஒரு கிரீடமும் வரைந்து, நாலாக மடித்துப் போட்டேன்.

அவரே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். ஆறு சீட்டு முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. அத்தை பூண்டைக் கீழே வைத்துவிட்டாள். ஏழாவது என்னுடையது. பிரித்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அவர் எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் வீடு நம்பியிருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என் பேருதான்" என்றார்.

நான் குதித்தேன். அத்தை கை தட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

"நான்தான் சித்தப்பா உனக்குப் போட்டேன்!"

"தெரியும்டா கண்ணு. கிரீடம் நல்லா வந்துருக்குது."

பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்: எங்கள் சித்தப்பா ஒரே ஓட்டில் ஜெயித்தார், அந்த ஓட்டு என்னுடையது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் கடைக்குப் போனேன். எனக்குப் பால் ஆற்றிக் கொடுத்தார். அன்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பத்து மணி தாண்டியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அது பரீட்சை நாள் என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தவருடைய அண்ணன் மகள் என்ற மிதப்பில், இன்னொரு பிஸ்கட் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டாக எடுத்துக் கொடுத்தார்.