தரையில் கிடந்த பிளக்

திண்டுக்கல்லில் தினமும் பத்து மணிக்குக் கரண்ட் போய்ப் பன்னிரண்டுக்கு வரும் காலம் அது. எதிர்வீட்டு மும்தாஜ் அக்காவின் கணவர், டிஷ் ரிசீவருக்குள் கூடுதலாகப் பொருத்தும் ட்யூனர் ஒன்றைச் சவூதியிலிருந்து அனுப்பியிருந்தார். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாமாம்.

"நான் மாட்டித் தாரேன்க்கா" என்று வலியப் போனேன். கரண்ட் போனதும் ரிசீவரின் மூடியைக் கழற்றினேன்.

"பிளக்க எடுக்கலையா தம்பி?"

"கரண்டே இல்ல, எதுக்குக்கா?"

ட்யூனரை அழுத்தும்போது ஒரு ஸ்க்ரூ நழுவி, ரிசீவருக்குள் கரண்ட் வந்து சேரும் பவர் போர்டில் விழுந்தது. விரலை விட்டுத் துழாவினேன். அப்போது தலைக்கு மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

கையை இழுத்தால் எதிலாவது பட்டுவிடுமோ என்று மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெல்லத் திரும்பினால், ரிசீவரின் பிளக் தரையில் கிடந்தது.

"அப்பவே புடுங்கிட்டேன். சொன்னா நீ சிரிப்பேன்னுதான் சொல்லல" என்றார் அக்கா.

"நானே எடுக்கணும்னுதான் இருந்தேன்க்கா" என்றேன்.

சாயங்காலம் கணவரிடம் போனில், "தம்பி ஒத்தையாளா மாட்டிருச்சுங்க" என்று பெருமையாகச் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போதெல்லாம் எதைத் திறந்தாலும் பிளக்கைத்தான் முதலில் பிடுங்குகிறேன். அக்காவுக்குச் சொல்லாத நன்றி அப்போதெல்லாம் நினைவுக்கு வரும்.